பொறிவண்டும் அசுவினியும்: முந்துவது எது?

அவரைக் கொடியின் கொழுந்தில், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி கறுப்பாக அப்பிக் கிடக்கும்போது, தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். "பொறிவண்டு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை, எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும்" என்பது ஒன்று. "அசுவினி போதாதென்று முள்முள்ளாக ஒரு புழுவும் சேர்ந்துவிட்டது, உடனே மருந்தடிக்க வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் பேச்சு பொறிவண்டின் வலிமையை மிகையாக எண்ணுகிறது. இரண்டாவது பேச்சில் வரும் முள்முள்ளான புழு, பெரும்பாலும் பொறிவண்டின் பிள்ளையாகவே இருக்கும். அப்படியானால், ஒருவர் எந்த உயிரை நம்பிக் காத்திருக்கிறாரோ அதே உயிரை இன்னொருவர் பகையென்று நசுக்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குழப்பம் தீர, பொறிவண்டு எத்தனை அசுவினியைத் தின்கிறது என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. அது எப்போது வந்து முட்டையிடுகிறது, அதன் பிள்ளைகள் வளர்வதற்குள் அசுவினி எவ்வளவு பெருகிவிடுகிறது என்ற கால ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூச்சியியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும் வகையில் அந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எல்லாப் பொறிவண்டும் அசுவினி தின்பதில்லை

பொறி என்ற சொல்லுக்குப் புள்ளி என்றும் பொருள் உண்டு. புள்ளிகளை உடைய வண்டு என்பதால் பொறிவண்டு என்ற பெயர் வந்தது. புள்ளிவண்டு என்றும் சொல்வார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,000 வகைப் பொறிவண்டுகள் உள்ளன. பலரும் இவற்றை ஒரே உயிராக நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சில வகைகள் அசுவினியைத் தின்கின்றன. சில மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் தின்கின்றன. இலைகளில் படியும் சாம்பல் நோய்ப் பூசணத்தை மேய்ந்து வாழும் மஞ்சள் நிறப் பொறிவண்டும் நம் ஊரில் உண்டு. இலையையே தின்று பயிருக்குக் கேடு செய்யும் வகையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தக் கேடு செய்யும் வகையைக் கத்தரிச் செடியில் எளிதாகக் காணலாம். எபிலாக்னா என்று அழைக்கப்படும் அந்த வண்டு மங்கிய செம்பு நிறத்தில், 12 அல்லது 28 புள்ளிகளோடு இருக்கும். அதன் முதுகில் மெல்லிய பூனைமயிர் போன்ற படர்வு இருப்பதால் பளபளப்பு இருக்காது. அதன் புழு மஞ்சள் நிறம். உடல் முழுவதும் கிளைவிட்ட முட்கள். இவை மேய்ந்த இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சும். அசுவினி தின்னும் வண்டுகளின் முதுகோ மெருகேற்றிய பாசிமணி போல வழவழப்பாக மின்னும். மின்னும் முதுகா, மங்கிய முதுகா என்ற ஒரு கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். மீதிப் பாதியை இலை சொல்லிவிடும்: சுரண்டல் இருந்தால் எபிலாக்னா, அசுவினிக் கூட்டம் இருந்தால் நம் நண்பன்.

முதுகில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை வண்டின் வயதைக் காட்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அது உண்மையன்று. புள்ளியின் அமைப்பு அந்தந்த வகைக்கு உரியது. வண்டு முதிர்வதால் புள்ளி கூடுவதில்லை.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் பேசப்போவது தமிழகத்திலும் இலங்கையிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஆறுபுள்ளிப் பொறிவண்டைப் பற்றி. கைலோமீனஸ் செக்ஸ்மாக்குலேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். பெயரில் ஆறு புள்ளி இருந்தாலும், மஞ்சள் அல்லது செம்மஞ்சள் முதுகில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகளாகவே பெரும்பாலும் தெரியும். நீளம் அரை சென்டிமீட்டர் அளவுதான். தட்டைப்பயறு, அவரை, பருத்தி, நிலக்கடலை என்று அசுவினி வரும் பயிர்களிலெல்லாம் இது வரும்.

வட்டிக்கு வட்டி போடும் பூச்சி

வண்டைப் புரிந்துகொள்ள அதன் இரையைப் புரிந்துகொள்வது முக்கியம். அசுவினி என்பது செடியின் சாற்றை உறிஞ்சி வாழும், கடுகளவே உள்ள மென்மையான பூச்சி. சில ஊர்களில் இதைப் பேன் என்றே சொல்கிறார்கள். ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செலுத்தி, இலைகளில் உண்டான சர்க்கரை ஓடும் குழாயைத் தேடிப் பிடித்து, அங்கேயே அமர்ந்து குடிக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, உடல் வளரத் தேவையான மற்றச் சத்துகள் குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளி போல வெளியேற்றிவிடும். இலை பிசுபிசுப்பது இதனால்தான். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் வளர்வதும், அதை நக்க எறும்பு வரிசைகட்டி வருவதும் இதன் தொடர்ச்சி.

அசுவினியின் உண்மையான பலம் அதன் பெருக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் போன்ற வெப்பமான இடங்களில் காணப்படும் அசுவினிகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தான். ஆணோடு சேராமலே அவை பெண் குஞ்சுகளை ஈனுகின்றன. இதற்குக் கன்னி இனப்பெருக்கம் என்று பெயர். முட்டையிட்டு, அது பொரிந்து, பிறகு வளரும் காத்திருப்பு இங்கே இல்லை. குஞ்சு உயிரோடு பிறந்து, பிறந்த இடத்திலேயே வாயைக் குத்திச் சாறு குடிக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரத்துக்குள் அதுவும் தாயாகிவிடும். இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தாயின் வயிற்றில் வளரும் கருவுக்குள்ளேயே அடுத்த தலைமுறையின் கருவும் உருவாகத் தொடங்கிவிடுகிறது. வயிற்றில் மகள், மகளின் வயிற்றில் பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே உடலுக்குள் வரிசையில் நிற்பதால், பெருக்கத்தில் இடைவெளியே விழுவதில்லை.

வட்டியை மாதம்தோறும் வாங்கிச் செலவழிப்பதற்கும், வட்டியை உடனுக்குடன் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். அசுவினி இரண்டாவது வகை. முதல் வாரத்தில் கண்ணிலேயே படாத சிறு கூட்டம், இரண்டாம் வாரத்தில் கொழுந்தை மூடிவிடுவது இப்படித்தான்.

ஆனால் இந்தப் பெருக்கம் முடிவில்லாமல் போவதில்லை. கூட்டம் நெருக்கமாகி, செடியும் வாடத் தொடங்கினால், அடுத்துப் பிறப்பவற்றில் பல சிறகோடு வளர்ந்து வேறு செடி தேடிப் பறந்துவிடும். பழைய கூட்டம் சில நாட்களில் சரிந்துவிடும். அதாவது, ஒரு கொழுந்தில் இருக்கும் அசுவினிக் கூட்டத்துக்குத் தொடக்கம், உச்சம், சரிவு என்ற ஆயுள் உண்டு. அது சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறிவண்டின் நடத்தைக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அசுவினி தின்னும் பொறிவண்டு வேறு, இலை தின்னும் பொறிவண்டு வேறு. அசுவினி மிக வேகமாகப் பெருகும், ஆனால் ஓரிடத்தில் நிலைத்து நிற்காது.

அடையாளம் தெரியாத பிள்ளை

அழகிய வண்டை அறிந்த பலருக்கு அதன் பிள்ளைப் பருவம் தெரியாது. வண்ணத்துப்பூச்சிக்கும் கம்பளிப்புழுவுக்கும் உருவ ஒற்றுமை இல்லாதது போலவே, பொறிவண்டுக்கும் அதன் புழுவுக்கும் ஒற்றுமை இல்லை.

தாய் வண்டு அசுவினிக் கூட்டத்துக்கு அருகிலேயே, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் முட்டைகள், நெல்மணிகளைச் செங்குத்தாக நிறுத்திவைத்தது போல, பத்து இருபதாகக் குவிந்து நிற்கும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். வெளிவரும் புழு, முதலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கறுப்புத் துணுக்கு. சில நாட்களில் அது ஆறு கால்களும் பின்நோக்கிக் குறுகும் நீண்ட உடலும், கருஞ்சாம்பல் முதுகில் வெள்ளை அல்லது மஞ்சள் திட்டுகளும் கொண்டு, ஒரு குட்டி முதலையைப் போல ஆகிவிடும். பலர் பயந்து நசுக்குவது இதைத்தான்.

புழுவின் தோல் உடலோடு சேர்ந்து விரியாது. பிள்ளை வளர வளரச் சட்டையைக் கழற்றிப் பெரிய சட்டை போடுவது போல, அது தோலை உரித்து உரித்து வளர்கிறது. ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்பார்கள். பொறிவண்டுப் புழுவுக்கு நான்கு பருவங்கள். இந்த நான்கில் கடைசிப் பருவம்தான் பெருந்தீனிக்காரப் பருவம். புழு தன் வளர்ச்சிக் காலம் முழுவதும் தின்னும் அசுவினியில் பாதிக்கும் மேல் நான்காம் பருவத்தில்தான் தின்கிறது. முதல் பருவப் புழுவோ, தன்னைவிடப் பெரிய அசுவினியைப் பிடிக்க முடியாமல் திணறும். அசுவினி காலால் உதைக்கும், விலகி நடக்கும், செடியிலிருந்து கீழே விழுந்துகூடத் தப்பும். முதல் இரையைப் பிடிப்பதற்குள் பட்டினியால் இறக்கும் புழுக்கள் ஏராளம்.

நான்காம் பருவம் முடிந்ததும் புழு வாலின் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு, அசையாமல் சுருண்டு கூட்டுப்புழுவாகிறது. புழு உடல் கலைந்து வண்டு உடல் உருவாகும் ஓய்வுப் பருவமே கூட்டுப்புழு. பட்டுப்புழுவைப் போல இது நூல் கூடு கட்டுவதில்லை. இலையின் மேல் வெட்டவெளியில் ஒட்டிக் கிடக்கும். இலையில் ஏதோ நோய்க் கொப்புளம் என்று நினைத்துக் கிள்ளி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லத் தொட்டால் அது உடலைத் தூக்கித் தூக்கி அசைக்கும். அதிலிருந்தே உயிர் என்று அறியலாம். மூன்று நான்கு நாட்களில் தோல் பிளந்து வெளிவரும் வண்டு வெளிறிய மஞ்சளாக, புள்ளியே இல்லாமல், ஈரம் காயாத சுவர் போல மென்மையாக இருக்கும். சில மணி நேரத்தில் ஓடு இறுகி, கோடுகள் மெல்ல மெல்லக் கறுத்துத் தோன்றும். பொறுமையாக அமர்ந்து பார்க்கக் கிடைத்தால் தவறவிடக் கூடாத காட்சி அது.

முட்டையிலிருந்து வண்டு வரை நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாகும். அதே இரண்டு வாரத்தில் அசுவினி இரண்டு மூன்று தலைமுறையைக் கடந்துவிடும்.

இரையைத் தேடும் முறை

வண்டு பறக்கும், புழு நடக்கும். ஆகவே இரண்டும் தேடும் முறை வேறு வேறு.

பறக்கும் வண்டு தொலைவிலிருந்து பயிரைக் கண்டுகொள்ளப் பல குறிப்புகளைப் பயன்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று மணம். அசுவினி தாக்கிய செடி, நலமாக இருக்கும் செடி வெளிவிடாத சில மணப்பொருள்களைக் காற்றில் விடுகிறது. மூட்டுவலித் தைலத்தில் நாம் உணரும் அந்தக் காரமான மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட்டும் அவற்றில் ஒன்று. வட இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெருமளவில் காணப்படும் ஏழுபுள்ளிப் பொறிவண்டு இந்த மணத்தால் ஈர்க்கப்படுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வந்து இறங்கிய பிறகு, இலைமேல் கிடக்கும் இனிப்புக் கசிவு வண்டை அங்கேயே நிறுத்தித் தேடவைக்கிறது.

புழுவின் நிலை இரங்கத்தக்கது. அது ஏறக்குறைய தடவிப் பார்த்தே இரையை அறிகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி அசுவினி இருந்தாலும் கவனிக்காமல் கடந்துபோய்விடும். இந்தக் குறையை ஈடுசெய்ய அதனிடம் இரண்டு எளிய பழக்கங்கள் உள்ளன. வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறுவதும், இலையின் விளிம்பையும் நரம்பையும் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒன்று. அசுவினி விரும்பி அமர்வது கொழுந்திலும் நரம்பு ஓரத்திலும் என்பதால் இந்தப் பழக்கம் பலன் தருகிறது.

மற்றொன்று இன்னும் அழகானது. சந்தைக்குப் போகும் வழியில் ஒரு நாணயம் கிடப்பதைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? குனிந்து எடுத்த பிறகு, பக்கத்தில் இன்னொன்று விழுந்திருக்குமோ என்று அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். சற்று நேரம் ஒன்றும் கிடைக்காவிட்டால் மீண்டும் நேராக நடையைக் கட்டுவோம். பொறிவண்டுப் புழு செய்வதும் இதுவே. பசியோடு இருக்கும்போது நேராகவும் விரைவாகவும் நடக்கும். ஒரு அசுவினியைத் தின்றதும் நடை மெதுவாகி, அடிக்கடி திரும்பி, அந்தச் சிறு இடத்தையே துழாவும். இதை இடம் சுருக்கித் தேடுதல் என்று சொல்லலாம். அசுவினி கூட்டமாக வாழ்வதால், ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்று கிடைக்க வாய்ப்பு மிகுதி. கணக்குப் போடும் அறிவு இல்லாமலே, இரையின் இயல்புக்கு ஏற்ற நடை அந்தப் புழுவுக்கு வாய்த்திருக்கிறது.

முதல் பந்தியைத் தேடும் தாய்

பொறிவண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது தாயின் முடிவுதான். என் பார்வையில் இதுவே முழுக் கதையின் மையம்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்வோம். பந்தி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நடக்கும் என்று தெரியாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வருகிறாள். இப்போது இலை நிறைய உணவு இருக்கிறது. ஆனால் அவளுடைய பிள்ளைகளுக்கு இப்போது பெரும்பசி இல்லை. இன்னும் சில மணி நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு வயிறு கொள்ளாத பசி எடுக்கும். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது அவள் வந்து அமர்ந்தால், பிள்ளைகளுக்குப் பசி வரும் நேரத்தில் பாத்திரம் காலியாகி, பந்தலும் பிரிக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் இலை போடத் தொடங்கிய வீட்டைத் தேடிப் போவதே அவளுக்கு நல்லது.

பொறிவண்டின் தாய்க்கும் இதே நிலைதான். இன்று இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, பெருந்தீனி தின்னும் நான்காம் பருவத்தை அடைய ஒரு வாரத்துக்கு மேலாகிவிடும். அதற்குள் அசுவினிக் கூட்டம் உச்சத்தைத் தாண்டிச் சரிந்துவிட்டால் பிள்ளைகள் பட்டினியால் சாகும். ஆகவே தாய் வண்டுகள் அப்போதுதான் உருவாகிவரும் இளம் கூட்டங்களிலேயே முட்டையிட முனைகின்றன. முதிர்ந்த கூட்டத்தைத் தவிர்க்கின்றன.

கூட்டம் இளமையானதா, ஏற்கெனவே பங்காளிகள் வந்துவிட்டார்களா என்பது தாய்க்கு எப்படித் தெரியும்? புழுக்கள் நடக்கும்போது வாலின் நுனியை இலையில் ஒற்றி ஒற்றி நடக்கும். அந்தத் தடத்தில் ஒருவகை வேதிப்பொருள் படிந்திருக்கும். தன் இனப் புழுக்களின் தடம் இருக்கும் இலையில் முட்டையிடத் தாய் தயங்குவதை, ஐரோப்பாவின் இரண்டுபுள்ளிப் பொறிவண்டில் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். தயக்கத்துக்குக் கடுமையான காரணம் இருக்கிறது. பொறிவண்டுப் புழுக்கள் தம் இனத்தின் முட்டைகளையும் சிறு புழுக்களையும் தின்னத் தயங்காதவை. முதலில் பொரிந்த குஞ்சு, அருகில் இன்னும் பொரியாமல் இருக்கும் உடன்பிறப்பு முட்டையைத் தின்றுவிட்டுத்தான் பெரும்பாலும் பயணத்தைத் தொடங்குகிறது. நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முதல் இரையைப் பிடிக்கும் வரை உயிரோடிருக்க அந்த ஒரு முட்டை தரும் வலுவே அதற்குத் துணை.

சுருங்கச் சொன்னால், பொறிவண்டு அசுவினியை ஒழிக்கப் படைக்கப்பட்ட படைவீரன் இல்லை. தன் பிள்ளைகள் வளரும் வரை அசுவினி மிஞ்சியிருக்கும் இடத்தைத் தேடும் ஒரு தாய். ஒரு செடிக்குத் தேவைக்கு மேல் முட்டைகளைக் கொட்டிவிட அது விரும்பாது.

வெல்வதும் தோற்பதும்

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு. ஒரு கொழுந்தில் 100 அசுவினி இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. அப்படியானால் முதல் நாளில் ஏறத்தாழ 26 அசுவினி கூடும். நாளொன்றுக்கு 30 தின்னும் ஒரே ஒரு வளர்ந்த புழு அங்கே இருந்தால், பெருக்கத்தை முறியடித்து, மெல்ல மெல்லக் கூட்டத்தைக் குறைத்துவிடும். அதே புழு பத்து நாள் தாமதமாக, கூட்டம் 1,000 ஆன பிறகு வந்து சேர்ந்தால், ஒரு நாளில் 260 கூடும். அது தின்பதோ அதே 30. பெருக்கத்தை நிறுத்த ஒன்பது புழு வேண்டியிருக்கும். வயிறும் அதேதான், பசியும் அதேதான். வந்த நாள் மட்டுமே மாறியிருக்கிறது.

"ஒரு பொறிவண்டு தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான அசுவினியைத் தின்னும்" என்ற செய்தி பொய்யில்லை. ஆனால் அது மட்டும் சொல்லப்படும்போது தவறான நம்பிக்கையைத் தருகிறது. அந்த ஆயிரங்கள் வாரக்கணக்கில் பரவிய தீனி. அசுவினியின் வட்டிக் கணக்கு அதுவரை காத்திருப்பதில்லை.

வட இந்தியக் கடுகு வயல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசுவினி குறைந்த வெப்பத்திலும் வளரக்கூடியது; பொறிவண்டு வளர அதைவிடக் கூடுதலான வெப்பம் வேண்டும். ஆகவே குளிர் மாதங்களில் கடுகு அசுவினி பெருகத் தொடங்கிவிடும்போது, ஏழுபுள்ளிப் பொறிவண்டு இன்னும் மந்தமாகவே இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் ஏறி வண்டுகள் திரளும்போது, பூவிலும் காயிலும் சேதம் பெரும்பாலும் நடந்துமுடிந்திருக்கும். திரளான வண்டுகளைப் பார்த்து மகிழ்ந்து, அவையே பயிரைக் காத்தன என்று எண்ணுவது எளிது. சரியும் கூட்டத்தை அவை விரைவாகச் சரித்தன என்பதே சரி.

பொறிவண்டுக்கு இவ்வளவு பெரிய புகழ் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கே எழும். 1880களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற மெத்தைச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபலே என்பவர் அதன் தாயகமான ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய வெடாலியா என்ற பொறிவண்டு, ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்தத் தோட்டங்களை மீட்டுவிட்டது. பின்னாளில் நீலகிரியில் வாட்டில் மரங்களைத் தாக்கிய இதே செதில் பூச்சிக்கு எதிராகவும் அந்த வண்டு கொண்டுவரப்பட்டது. உயிரியல் முறைக் கட்டுப்பாடு, அதாவது ஒரு பூச்சியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டு அடக்குவது, உலகெங்கும் நம்பிக்கை பெற்றது இந்த வெற்றியால்தான்.

ஆனால் வெடாலியா தின்றது அசுவினியை அன்று. அந்தச் செதில் பூச்சி ஒரு தலைமுறையை முடிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெடாலியாவின் தலைமுறையோ அதற்குள் ஒன்றுக்கு மேல் முடிந்துவிடும். வேட்டையாடும் பூச்சி இரையைவிட வேகமாகத் தலைமுறை எடுத்தால் வெற்றி நிலைக்கும். அசுவினி விஷயத்தில் இந்த உறவு தலைகீழ்: இரையே முந்துகிறது. செதில் பூச்சியில் கிடைத்த புகழை அப்படியே அசுவினிக்கும் எடுத்துப் போட்டதில்தான் மிகைநம்பிக்கை பிறந்தது.

எறும்பும் மஞ்சள் துளியும்

அசுவினிக்குக் காவலும் உண்டு. இனிப்புக் கசிவுக்காக எறும்புகள் அதைக் கறவை மாடு போலப் பேணுகின்றன. அருகில் வரும் பொறிவண்டையும் புழுவையும் கடித்து விரட்டுகின்றன. தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கும் செடியில் பொறிவண்டு அதிகம் தங்காதிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

வண்டுக்கு உரிய காவல் அதன் உடலிலேயே இருக்கிறது. விரலால் அழுத்தினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் துளி கசியும். அது வண்டின் இரத்தமேதான். கசப்பும் கெட்ட மணமும் உள்ள வேதிப்பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சுவையை மறக்காது. பளிச்சென்ற நிறம் அந்த நினைவைத் தூண்டுவதற்காகவே; ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லாத பூச்சி அது.

வயலில் இதன் பொருள்

பொறிவண்டு முன்கூட்டியே வந்து சேர வேண்டும் என்பதே மேலே சொன்ன எல்லாவற்றின் விளைவு. அதற்கு வழி, வண்டைத் தேவைப்படும் நாளில் தேடாமல், அதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் வாழவைப்பது. பருத்தியில் ஊடுபயிராகவும் நெல் வயலின் வரப்பிலும் தட்டைப்பயறு விதைக்கச் சொல்வதன் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது. தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி சீக்கிரம் வரும். அதைத் தேடிப் பொறிவண்டு வரும். அங்கே ஒரு தலைமுறை பெருகி, பக்கத்துப் பயிருக்குப் பரவும். அசுவினி குறைவான நாட்களில் மகரந்தமும் பூந்தேனும் வண்டின் உயிரைக் காக்கும் என்பதால், ஓரத்தில் நிற்கும் மக்காச்சோளமும் சோளமும்கூட உதவும். வரப்பில் இருக்கும் அந்தத் தட்டைப்பயறில் அசுவினியைப் பார்த்துப் பதறி மருந்தடிப்பவர், வண்டுப் பண்ணையையே அழித்துவிடுகிறார்.

பல வகைப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்தை அடித்தால், அசுவினியும் பொறிவண்டும் சேர்ந்தே சாகும். ஆனால் மீள்வது சேர்ந்து நடப்பதில்லை. இலை மடிப்பில் தப்பிய நாலைந்து அசுவினி ஒரு வாரத்தில் மீண்டும் கூட்டம் சேர்த்துவிடும். வண்டு வேறிடத்திலிருந்து வந்து, முட்டையிட்டு, புழு வளர்ந்து நிற்க இரண்டு வாரம் வேண்டும். இந்த இடைவெளியில் அசுவினி முன்பைவிட மிகுதியாகப் பெருகுவதை மீளெழுச்சி என்பார்கள். மருந்து போலி என்று கடைக்காரரிடம் கோபப்படும் பலர் உண்மையில் பார்ப்பது இந்த மீளெழுச்சியையே.

வீட்டுத் தோட்டத்தில் பத்துச் செடி வைத்திருப்பவருக்கு வழி இன்னும் எளிது. கொழுந்தை மடக்கி, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மஞ்சள் முட்டைக் குவியலோ சாம்பல் நிற முதலைப் புழுவோ தென்பட்டால், அந்தக் கொழுந்தை நான்கைந்து நாள் விட்டுவைக்கலாம். எதுவும் தென்படாமல் அசுவினி மட்டும் அடர்ந்திருந்தால், காத்திருப்பதில் பயனில்லை. நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம், மிக மோசமான நுனியைக் கிள்ளி எறியலாம். எறும்பு ஏறும் வழியைத் தடுப்பதும் வண்டுக்குச் செய்யும் உதவிதான். காற்றில்லாத வேளையில் பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு பார்ப்பது இன்னும் நல்லது.

அப்படிப் பார்க்கும் செடியில், அசுவினி ஓய்ந்த சில நாட்களில், இலைகளில் வாலூன்றி ஒட்டிய வெற்றுக் கூடுகளே மிஞ்சியிருக்கும். அவற்றிலிருந்து வந்த வண்டுகளை அங்கே தேடினால் கிடைக்காது. ஓடு இறுகிய பின், மேலோட்டை விரித்து, மடித்து வைத்திருந்த மெல்லிய பின்சிறகைப் பிரித்துக்கொண்டு, அசுவினி அப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கும் வேறொரு கொழுந்தைத் தேடி அவை போயிருக்கும்.